பக்கவாத்தியம் தெரிந்தால் குணச்சித்திர நடிகரும் புரியும்

2024 நவம்பர் 9ஆம் திகதி இரவு நடிகர் டெல்லி கணேஷ் காலமானார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியோரத்துச் சைவக்கடை ஒன்றில் பிளேன்ரீக்குச் சொல்லிவிட்டு இருந்தேன். பக்கத்து மேசையில் இரண்டு பெடியன்கள் போனில் செய்தியைப் பார்த்துக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். "ஆரடா இது?" என்றான் ஒருவன். "படங்களில அப்பாவா வாற ஆள் மச்சான், சைட் ஆக்டர். ஹீரோவா வர ஏலாமப் போனா இப்படித்தான் வருவினம்" என்றான் மற்றவன்.

கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. நம்மில் பலர் அப்படித்தான் நினைத்து வைத்திருக்கிறோம். ஆனால் அந்த ஒரு பேச்சுக்குள் மூன்று பிழைகள் இருக்கின்றன. குணச்சித்திர நடிகரும் துணை நடிகரும் ஒன்று என்பது முதலாவது. வயதான வேஷம் போடுவதுதான் குணச்சித்திரம் என்பது இரண்டாவது. ஹீரோ வாய்ப்புக் கிடைக்காதவர்கள் கடைசியில் வந்து சேரும் இடம் இது என்பது மூன்றாவது. நாற்பது வருடங்களாகப் படமும் நாடகமும் பார்க்கிற ஆள் என்ற முறையில், இதை அடியிலிருந்து விளக்கிச் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கே தோன்றியது.

முதலில் ஒரு கச்சேரிக்குப் போவோம்

பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபத்தில் ஒரு வாய்ப்பாட்டுக் கச்சேரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் பாடகர், ஒரு பக்கம் வயலின், மறுபக்கம் மிருதங்கம். நோட்டீசில் பாடகரின் பெயர்தான் பெரிய எழுத்தில் இருக்கும். முதன்முதலாகக் கச்சேரிக்கு வருபவருக்கு, மிருதங்கக்காரர் சும்மா தாளம் தட்ட வந்தவர் போலத்தான் தெரியும்.

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தால் விஷயம் பிடிபடும். பாடகர் ஒரு சங்கதியை நீட்டிக்கொண்டு போகும்போது மிருதங்கம் அடங்கி வழி விடுகிறது, அவர் பல்லவிக்குத் திரும்பி வந்து சேரும் இடத்தில் சரியாக ஒரு முத்தாய்ப்பு வைக்கிறது, பாடகர் எங்கே மூச்சு வாங்குவார் என்பது அவருக்கு முன்னமே மிருதங்கக்காரருக்குத் தெரிந்திருக்கிறது. மிருதங்கம் நின்றுவிட்டால் பாட்டு நின்றுவிடாதுதான், ஆனால் பாட்டுக்குக் காலூன்ற நிலம் இல்லாமல் போய்விடும். இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். ஒரு மிருதங்க வித்துவானைப் பார்த்து, "உங்களுக்குப் பாட வராததாலதான் இதுக்கு வந்தீங்களா?" என்று எவராவது கேட்டிருக்கிறார்களா? கேட்க மாட்டோம். அது வேறு வித்தை, அதற்கு வேறு பயிற்சி என்று எல்லோருக்கும் தெரியும்.

நடிப்பிலும் அப்படி ஒரு பக்கவாத்தியம் உண்டு. ஒரு வித்தியாசம் மட்டும்: மிருதங்கக்காரர் எல்லாக் கச்சேரியிலும் அவராகவே வந்து உட்காரலாம், இந்த நடிகர் ஒவ்வொரு முறையும் வேறு ஆளாக வர வேண்டும்.

சொற்களைச் சரியாக்கிக்கொள்வோம்

குணச்சித்திரம் என்பது குணமும் சித்திரமும் சேர்ந்த சொல். ஒரு மனிதனின் குணத்தைச் சித்திரமாக வரைந்து காட்டுவது. அப்படியானால் குணச்சித்திர நடிகர் என்பவர், கதையில் வருகிற ஒரு குறிப்பிட்ட மனிதனாக, அவனுடைய தொழில், ஊர், பேச்சு, பழக்கவழக்கம் அத்தனையோடும் வந்து நிற்பவர். நாயக நடிகரிடம் நாம் எதிர்பார்ப்பது வேறு. ரஜினிகாந்த் ஆட்டோ ஓட்டினாலும் பால் கறந்தாலும் அதில் ரஜினி தெரிய வேண்டும், அதற்காகத்தான் முதல் நாளே டிக்கெட் எடுக்கிறோம். குணச்சித்திர நடிகருக்கு இது தலைகீழ். அவர் மறைந்து, அந்த மனிதன் மட்டும் தெரிந்தால்தான் வேலை முடிந்தது என்று அர்த்தம்.

துணை நடிகர் என்ற சொல் கோடம்பாக்கத்தில் பெரும்பாலும் வேறு ஆட்களைக் குறிக்கும். சந்தையில் நடமாடுகிற கூட்டம், கல்யாணப் பந்தியில் இருந்து சாப்பிடுகிறவர்கள், நீதிமன்றத்தில் பின்வரிசையில் இருப்பவர்கள். அவர்களும் வெயிலில் நின்று உழைக்கிறவர்கள்தான், அவர்களைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர்களுக்குக் கதையில் பெயரும் குணமும் இருக்காது. குணச்சித்திர நடிகருக்கு இரண்டும் உண்டு.

வயது விஷயத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். வி.கே. ராமசாமி 1926இல் பிறந்தவர். 1947இல் வந்த 'நாம் இருவர்' படத்தில் அவர் போட்டது ஒரு கிழவர் வேஷம். அப்போது அவருக்கு வயது 21! வயதாகிவிட்டதால் அப்பா வேஷத்துக்கு வந்தவர் அல்ல அவர், முதுமையை நடித்துக் காட்டத் தெரிந்த இளைஞர். பெண்களில் மனோரமாவைச் சொன்னால் போதும், ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்கள், அவற்றில் கிழவியும் உண்டு, குமரியும் உண்டு.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால், குணச்சித்திர நடிகர் கூட்டத்தில் நிற்பவர் இல்லை, வயதானவராகவும் இருக்கத் தேவையில்லை. ஒரு முழு மனிதனைக் கதைக்குள் கொண்டுவருவதுதான் அவர் வேலை. அதை எப்படிச் செய்கிறார் என்பதற்கு டெல்லி கணேஷின் வாழ்க்கையையே எடுத்துக்கொள்வோம்.

கணேசன் டெல்லி கணேஷ் ஆனது

1944இல் பிறந்தவர், தூத்துக்குடிப் பக்கம் வல்லநாடு சொந்த ஊர். வீட்டில் வைத்த பெயர் கணேசன். 1964 தொடக்கம் 1974 வரை பத்து வருடம் இந்திய விமானப்படையில் வேலை. தலைநகரில் இருந்த காலத்தில் தட்சிண பாரத நாடக சபா என்ற தமிழ் நாடகக் குழுவில் சேர்ந்து நடித்தார். பகலில் விமானப்படை, மாலையில் ஒத்திகை. பெயரோடு ஒட்டிக்கொண்ட 'டெல்லி' அந்தக் காலத்தின் மிச்சம்தான்.

பிறகு சென்னைக்கு வந்து காத்தாடி ராமமூர்த்தியின் குழுவில் மேடை நாடகங்கள். விசு எழுதிய 'பட்டினப் பிரவேசம்' நாடகத்தை 1977இல் கே. பாலசந்தர் படமாக்கினார். அதுதான் கணேசனுக்கு முதல் படம். டெல்லி கணேஷ் என்ற திரைப்பெயரை வைத்ததும் பாலசந்தர்தான். அப்போது அவருக்கு 33 வயது ஆகியிருந்தது. 33 வயதில் முதல் படம் என்றால் அதற்கு முன்பிருந்த வருடங்கள் வீணாகப் போயின என்று நினைக்க வேண்டாம், அந்த வருடங்கள் முழுக்க அவர் மேடையில் நின்றுகொண்டிருந்தார். அது ஏன் முக்கியம் என்பதைத்தான் அடுத்துப் பார்க்கப் போகிறோம்.

மேடை கொடுப்பதும் கமரா கேட்பதும்

கதிரேசன் மண்டபத்திலோ லயனல் வென்ட்டிலோ நாடகம் பார்க்கப் போயிருப்பீர்கள். கடைசி வரிசையில் இருக்கிறவருக்கு நடிகரின் கண் தெரியாது. அதனால் மேடை நடிகர் கோபத்தைக் குரலிலும் தோளிலும் நடையிலும் காட்ட வேண்டியிருக்கிறது. கமரா அப்படியில்லை, முகத்துக்கு இரண்டடி தூரத்தில் வந்து நின்றுவிடும். மேடையில் கையை வீசிக் காட்டிய கோபத்தை இங்கே கீழுதட்டை ஒருமுறை மடித்துக் காட்டினால் போதும், அதற்கு மேல் செய்தால் மிகையாகத் தெரியும். நாடகத்திலிருந்து வந்தவர்கள் சினிமாவில் 'ஓவராக' நடிப்பார்கள் என்ற பேச்சு பிறந்தது இங்கேதான், அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஆனால் சத்தத்தைக் குறைப்பது சில படங்களிலேயே பழகிவிடும். மேடை கொடுக்கிற மற்றச் சொத்துகளை வேறு எங்கும் வாங்க முடியாது.

அதில் ஒன்று, முழு மனிதனையும் கையில் வைத்திருப்பது. நாடகத்தில் ஒரு பாத்திரத்தை இரண்டு மணித்தியாலம் தொடர்ந்து வாழ்ந்து முடிக்கலாம். சினிமாவில் கதை வரிசையில் படம் பிடிக்க மாட்டார்கள். எந்த வீடு கிடைத்ததோ, எந்த ஹீரோவின் திகதி கிடைத்ததோ அதற்கு ஏற்றபடி கடைசிக் காட்சியை முதலிலும் முதல் காட்சியைக் கடைசியிலும் எடுப்பார்கள். நடிகர் ஒரு படத்துக்கு ஒதுக்கித் தருகிற நாட்களைக் கால்ஷீட் என்பார்கள். குணச்சித்திர நடிகரின் கால்ஷீட் பெரும்பாலும் துண்டு துண்டாகத்தான் இருக்கும், இங்கே இரண்டு நாள், அடுத்த மாதம் ஒரு நாள், இடையில் வேறு படத்தில் வேறு ஆள். காலையில் வந்து இறங்கி, மகள் வீட்டை விட்டுப் போய்விட்டாள் என்று அழ வேண்டும், ஆனால் அந்த மகள் வளர்ந்த காட்சிகள் இன்னும் எடுக்கப்படவே இல்லை. அந்த மனிதனை முழுசாக மனதுக்குள் வைத்திருக்காத நடிகரால் இதைச் செய்ய ஏலாது.

மற்றது, செய்ததையே திரும்பச் செய்வது. ஒரே காட்சியைத் தூரத்திலிருந்து ஒருமுறை, கிட்டத்தில் ஒருமுறை, எதிராளியின் தோளுக்குப் பின்னாலிருந்து ஒருமுறை என்று எடுப்பார்கள். முதல் முறை 'எனக்குத் தெரியும்' என்று சொல்லும்போது கோப்பித் தம்ளரைக் கீழே வைத்திருந்தால், அடுத்த தடவைகளிலும் அதே சொல்லில் அதே கையால் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் துண்டுகள் ஒட்டாது. இந்த ஒட்டுதலைக் கன்டினியூட்டி என்பார்கள். ஒரே நாடகத்தை ஐம்பது மேடையில் போட்டவருக்கு இது கைப்பழக்கம்.

கேட்பதும் ஒரு நடிப்புத்தான்

இப்போது இந்த நடிப்பு உண்மையில் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு வருவோம். ஒரு காட்சியில் ஹீரோ பத்து வரி பேசுகிறார். அந்தப் பத்து வரியும் நம்மைத் தொடுகிறதா இல்லையா என்பதில் பாதிக்குப் பாதி, அதைக் கேட்டுக்கொண்டிருப்பவரின் முகத்தில் இருக்கிறது. கேட்பவர் பயந்தால் ஹீரோ நமக்குப் பயங்கரமானவர். கேட்பவர் கண் கலங்கினால் ஹீரோ நமக்கு நல்லவர். பேசுகிறவரை விட்டுவிட்டுக் கேட்பவரின் முகத்தை மட்டும் காட்டுகிற துண்டை 'ரியாக்‌ஷன் ஷாட்' என்கிறார்கள், எதிர்வினைத் துண்டு என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். வசனம் இல்லாத இந்தத் துண்டுகள்தான் குணச்சித்திர நடிகரின் சோறு. தன் முறை எப்போது வரும் என்று காத்திருக்கும் நடிகரின் முகம் இதில் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

1985இல் வந்த 'சிந்து பைரவி'யை எடுங்கள். சிவகுமார் பெரிய பாடகர் ஜே.கே.பி. அவருக்கு மிருதங்கம் வாசிக்கிற குருமூர்த்தியாக டெல்லி கணேஷ். குடிப்பழக்கம் உள்ளவர். குடித்துவிட்டுக் கச்சேரிக்கு வருகிறார், ஜே.கே.பி. அவரை ஒதுக்கிவிட்டு மிருதங்கம் இல்லாமலே பாடுகிறார். கோபம், கண்டிப்பு, சங்கீதத்தின் மீதான பக்தி எல்லாம் ஜே.கே.பி. பக்கம். குருமூர்த்திக்குக் கூனிக்குறுகி நிற்பதைத் தவிர வேறு எதுவும் இல்லை.

படம் முழுவதையும் பார்த்துவிட்டுத் திரும்ப அந்த இடத்துக்கு வாருங்கள். பின்பாதியில் அதே ஜே.கே.பி. குடியில் விழுகிறார். குருமூர்த்தி என்ற மனிதன் முதலில் அங்கே அப்படிக் குறுகி நின்றிராவிட்டால், ஜே.கே.பி. விழுந்த ஆழம் எவ்வளவு என்று நமக்கு அளக்கத் தெரிந்திருக்காது. நாயகனுக்கு வரப்போவதை முன்னாலேயே ஒரு பக்கத்துப் பாத்திரத்தில் வரைந்து வைத்திருக்கிறார் பாலசந்தர், அந்தக் கோட்டை டெல்லி கணேஷ் அழுத்தாமல், கெஞ்சாமல் போட்டுக்கொடுத்திருக்கிறார். அந்தப் பாத்திரத்தை வேடிக்கைக் குடிகாரனாக ஆக்கியிருந்தால் கைதட்டல் கூடக் கிடைத்திருக்கும். படம் கெட்டுப்போயிருக்கும்.

'நாயகன்' (1987) படத்தில் கமல்ஹாசன் நடித்த வேலு நாயக்கரின் பக்கத்தில் வரும் ஐயரையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். சாதுவான, பயந்த சுபாவம் உள்ள ஒரு மனிதர் இவனை நம்பிக் கூட நிற்கிறாரே என்ற ஒரே காரணத்துக்காகவே நமக்கும் வேலு நாயக்கரில் நம்பிக்கை வருகிறது. கமல்ஹாசனின் நடிப்பைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள், அந்த நடிப்புக்கு நிலம் போட்டுக்கொடுத்தவர்களைப் பற்றி அந்த அளவுக்கு எழுதவில்லை என்பது என் மனக்குறை.

ஆக, ஹீரோவை நாம் நம்புவது ஹீரோவால் மட்டும் இல்லை. கேட்கிறவர், பயப்படுகிறவர், நம்புகிறவர் என்று பக்கத்தில் இருப்பவர்கள்தான் அந்த நம்பிக்கையை நமக்குக் கடத்துகிறார்கள்.

முத்திரை என்ற ஆபத்து

ஒரு வேஷம் நன்றாகப் பொருந்திவிட்டால் அதையே திரும்பத் திரும்பக் கொடுப்பார்கள். இதை முத்திரை குத்துவது என்போம். டெல்லி கணேஷுக்கும் ஐயர் வேஷங்கள் நிறைய வந்தன. ஆனால் எல்லா ஐயரும் ஒரே ஐயர் இல்லை. 'மைக்கேல் மதன காமராஜன்' (1990) படத்தில் பாலக்காடு மணி ஐயராக வருவார், சமையல்காரர், கமல்ஹாசன் நடித்த காமேஸ்வரனை எடுத்து வளர்த்தவர். பேசுவது பாலக்காட்டுத் தமிழ், மலையாளத்தின் இழுப்பு உள்ள தமிழ். நாயகன் ஐயரின் வாயில் அந்த இழுப்பு கிடையாது. இத்தனைக்கும் டெல்லி கணேஷ் தெற்கத்திச் சீமைக்காரர். பேச்சுவழக்கை ஒழுங்காகப் பிடிப்பது எவ்வளவு பாடு என்பது நமக்கு நன்றாகத் தெரியும். இந்தியப் படங்களில் யாழ்ப்பாணத் தமிழ் என்ற பெயரில் பேசப்படுவதைக் கேட்டுக் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் எத்தனை தியேட்டர்களில் நெளிந்திருக்கிறோம்!

அந்தப் பாத்திரத்தின் பெயரிலேயே ஒரு அழகு இருக்கிறது. பாலக்காடு மணி ஐயர் என்பது இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய மிருதங்க வித்துவான்களில் ஒருவரின் பெயர். பக்கவாத்தியத்தின் உச்சத்தில் இருந்தவர் பெயரை ஒரு குணச்சித்திர நடிகர் சுமந்து வந்ததை நான் இப்போதும் நினைத்துச் சந்தோஷப்படுவேன்.

முத்திரையை உடைத்த இடங்களும் உண்டு. ஐயர் வேஷங்கள் குவிவதற்கு முன்பே, துரை இயக்கிய 'பசி' (1979) படத்தில் சென்னைக் குடிசைப் பகுதியில் ரிக்‌ஷா இழுத்துப் பிழைக்கும் அப்பா, கதாநாயகி ஷோபாவின் தந்தை. பேச்சு, நிற்கிற விதம், பசித்த உடம்பின் சோர்வு எல்லாம் வேறு. அதற்குத் தமிழ்நாடு அரசின் சிறப்புப் பரிசு கிடைத்தது. 'அபூர்வ சகோதரர்கள்' (1989) படத்தில் பிரான்சிஸ் அன்பரசு, நான்கு வில்லன்களில் ஒருவர். 'தெனாலி'யில் (2000) பொறாமையில் வெந்துகொண்டிருக்கும் மருத்துவர் பஞ்சபூதம், அது முழுக்க முழுக்கச் சிரிப்பு. அப்பா, வில்லன், கோமாளி என்ற பிரிவுகளெல்லாம் நாம் வசதிக்காக வைத்துக்கொண்டவை. நடிகருக்கு ஒவ்வொன்றும் ஒரு ஆள், அவ்வளவுதான்.

அப்படியானால் ஏன் ஹீரோ ஆகவில்லை?

சைவக்கடைக் கேள்விக்கு வருவோம். டெல்லி கணேஷ் கதாநாயகனாகவும் நடித்திருக்கிறார், 1981இல் வந்த 'எங்கம்மா மகாராணி'. அதற்குப் பிறகும் குணச்சித்திர வேஷங்களில்தான் தொடர்ந்தார். இந்தத் தொழிலின் கணக்கே வேறு. நாயகனின் பெயரில்தான் படம் விற்கப்படுகிறது, இரண்டு மூன்று படம் சரிந்தால் அவர் இடம் ஆட்டம் காணும். குணச்சித்திர நடிகருக்குச் சம்பளம் அதில் ஒரு சிறு பங்குதான், பெரும்பாலும் நாள் கணக்கில் பேசுவார்கள். ஆனால் படம் ஓடாவிட்டால் யாரும் அவரைக் குற்றம் சொல்வதில்லை, அடுத்த படத்துக்கு அழைப்பு வரும். 1977 முதல் கடைசி வரை நானூறுக்கு மேற்பட்ட படங்கள், அதாவது வருடத்துக்கு எட்டு, ஒன்பது என்ற கணக்கில் 47 வருடம். அதோடு தொலைக்காட்சித் தொடர்கள் வேறு. 1994இல் கலைமாமணி விருது. அவருடைய இறுதிச் சடங்கின்போது விமானப்படையினரும் வந்து மரியாதை செலுத்தினார்கள். இந்த வாழ்க்கையைத் தோற்றுப்போன வாழ்க்கை என்று எந்தக் கணக்கில் சொல்வது?

நம் ஊரில் இதைப் பார்க்க வேண்டுமானால்

சென்னைவரை போகத் தேவையில்லை. நம் இலங்கை நடிகர் கே.எஸ். பாலச்சந்திரனின் 'அண்ணை றைற்' தனிநடிப்பைக் கேட்காத வீடு ஒரு காலத்தில் நம்மிடையே குறைவு. ஒரே ஒரு பஸ் கண்டக்டர்தான் பேசுகிறார். ஆனால் ஏறுகிறவர்கள், இறங்குகிறவர்கள், சில்லறைக்குச் சண்டை பிடிக்கிறவர்கள், டிரைவர் எல்லோரும் நமக்குத் தெரிகிறார்கள். எப்படி? கண்டக்டர் அவர்களைக் *கேட்கிறார்*. பயணி என்ன சொல்லியிருப்பார் என்பது கண்டக்டரின் பதிலிலிருந்து நமக்குப் புரிகிறது. மேலே சொன்ன எதிர்வினையை, எதிரில் ஆளே இல்லாமல் செய்து காட்டிய வித்தை அது. வானொலி நாடகத்திலும் மேடையிலும் பழகிய பாலச்சந்திரன், 'வாடைக்காற்று' (1978) திரைப்படத்திலும் நடித்தார். 2014இல் கனடாவில் காலமானார்.

சிங்களப் படங்களும் பார்க்கிறவர்களுக்கு ஜோ அபேவிக்ரம. சிரிப்பு நடிகராகத் தொடங்கியவர். 1971இல் 'வெலிகதர' படத்தில் கோரிங் முதலாளி என்ற வில்லன். 1997இல் பிரசன்ன விதானகேயின் 'புரஹந்த களுவர' படத்தில், போருக்குப் போன மகன் மூடி முத்திரையிட்ட சவப்பெட்டியாகத் திரும்பி வந்ததை ஏற்க மறுக்கும் கண் தெரியாத தகப்பன். பார்வை இல்லாத பாத்திரம் என்பதால், நடிகரின் முதல் ஆயுதமான கண்ணே கையில் இல்லை. கழுத்தைத் திருப்பிக் காது கொடுப்பதிலேயே முழுப் படத்தையும் கொண்டுபோகிறார். மொழி தெரியாவிட்டாலும் பாருங்கள்.

அன்றைக்குச் சைவக்கடையில் நான் சும்மா இருக்கவில்லை. எழும்பிப் போகும்போது அந்தப் பெடியனிடம், "தம்பி, மைக்கேல் மதன காமராஜன் பார்த்தனீரோ?" என்று கேட்டேன்.

"பின்னை? அந்தச் சமையல்கார ஐயர்தானே இவர்!" என்று சிரித்தான்.

"அப்ப அபூர்வ சகோதரர்கள்? அதில பிரான்சிஸ் அன்பரசு?"

கொஞ்ச நேரம் யோசித்தான். "இல்லை அண்ணை," என்றான், "அது வேற ஆள்."